ஹிமாலயனா, டிஆர் 650 ஆ?

வணக்கம் அண்ணா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வேலை கோட்டையில். இப்போது வைத்திருக்கும் 150 சிசி பைக்கை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று எடுக்க யோசிக்கிறேன். இரண்டு பைக் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டுமே பாவித்தவை. ஒன்று ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, மற்றது சுசுக்கி டிஆர் 650. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் எல்லோரும் டிஆரைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ஹிமாலயனில் இழுவை இல்லையாம், பாரமும் கூடவாம், மீமுரே மலைப் பாதைப் பக்கம் போனால் டிஆருக்குக் கிட்டவும் வராதாம். நீங்கள் கனகாலமாக ட்ரெயில் பைக், அதாவது மண், காட்டுப் பாதைக்கென்று செய்த பைக், ஓடுகிறவர் என்பதால் கேட்கிறேன். என் உயரம் 5 அடி 5 அங்குலம். கிழமை நாட்களில் வேலைக்குப் போவதும் இதே பைக்கில்தான். பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மனைவியோடு யாழ்ப்பாணம் போய்வரவும் வேண்டும்.

க., கொழும்பு 13

அன்புள்ள தம்பி,

ஹிமாலயனை எடுங்கள். ட்ரெயில் பைக் மேல் உயிரையே வைத்திருக்கிறவன் இப்படிச் சொல்கிறானே என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கும் காட்டுங்கள்.

நீங்கள் எஞ்சினைப் பற்றியும் மீமுரேயைப் பற்றியும் முதலில் எழுதிவிட்டு, மனைவியைக் கடைசி வரியில் கொண்டுவந்திருக்கிறீர்கள். என் கணக்கில் அந்த வரிதான் முதலில் வர வேண்டும். வருடம் முழுக்க நீங்கள் ஓடப்போகும் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். அதில் பெரும்பகுதி கொட்டாஞ்சேனைக்கும் கோட்டைக்கும் இடையிலும், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலும்தான். மீமுரே வருடத்தில் ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம்.

மண்ணுக்கான மெலிந்த பைக், நெடுந்தூரத்துக்கான பைக் என்ற இந்த இரண்டு வகைக்கும் இடையிலான போட்டி இன்று நேற்று வந்ததில்லை. 1979இல் நடந்த, பாலைவனம் கடக்கும் முதலாவது பாரிஸ்–டக்கார் ராலிப் பந்தயத்திலும் அடுத்த வருடத்திலும் சிறில் நெவ்யூ வென்றது யமாஹா எக்ஸ்டி 500இல். ஒற்றைச் சிலிண்டர், மெலிந்த உடம்பு, தேவையில்லாத எதுவுமில்லை. 1980இல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் என்ற இரட்டைச் சிலிண்டர் பைக்கை வெளியிட்டது. தார் றோட்டில் நாள் முழுக்க ஓடலாம், மண்ணிலும் இறக்கலாம் என்பதுதான் அதன் எண்ணம். 1981இல் ஊபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் டக்காரை வென்றதும் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. இன்று அட்வென்ச்சர் டூரிங் என்று விற்கிற பைக்குகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ராலிக்காரர்கள் அந்தப் பக்கம் நிற்கவில்லை. வேகமும் விபத்தும் கூடிப்போனதால் 2011 முதல் டக்காரில் 450 சிசிக்கு மேற்பட்ட பைக் ஓட முடியாது. ஆகவே கடும் மண்ணுக்கு இன்று 450 சிசி ஒற்றைச் சிலிண்டர், நெடுந்தூரத்துக்கு அட்வென்ச்சர் டூரிங் என்று அவரவர் வேலை பிரிந்துவிட்டது. டிஆர் 650 போன்ற பெரிய ஒற்றைச் சிலிண்டர் பைக்குகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அருமையான பைக்குகள், மறுக்க மாட்டேன். தனியாக ஓடுகிற, கால் நீளமான ஒருவருக்கு அவை அருமையானவை.

இனி உங்கள் இரண்டு பைக்குகளுக்கு வருவோம். பெற்றோல் நிரப்பிய டிஆர் ஏறக்குறைய 166 கிலோ. ஹிமாலயன் 199 கிலோ. நண்பர்கள் சொன்ன பாரக் கணக்கு சரிதான். அவர்கள் சொல்லாமல் விட்டது சீற்றின் உயரத்தை. ஹிமாலயனில் அது 800 மில்லிமீற்றர், டிஆரில் 885. உங்கள் உயரத்துக்கு டிஆரில் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்ற முடியாது. ஒரு பக்கம் சரிந்து, ஒரு காலின் பெருவிரலில்தான் நிற்க வேண்டும். ஆர்மர் வீதியில் மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம், பின்னால் மனைவி, இடது பக்கம் பஸ், வலது பக்கம் முச்சக்கர வண்டி. நீங்கள் கால் வைக்கிற இடத்தில் றோட்டு ஓரமாக இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது. பைக் சரிவது அங்கேதான். 33 கிலோ குறைவாக இருப்பது விழுந்த பைக்கைத் தூக்க உதவும். விழாமல் நிற்க உதவுவது அந்த 85 மில்லிமீற்றர். டிஆரைக் கொஞ்சம் பதிக்கக் கம்பனியே வழி வைத்திருக்கிறது, அப்படிச் செய்தாலும் 845 அளவில்தான் வந்து நிற்கும்.

இழுவைக்கு வருகிறேன். டிஆரோடு ஒப்பிட்டால் ஹிமாலயன் மந்தம்தான். 24 குதிரைவலு, அவ்வளவே. இரண்டு பேரும் பையுமாகக் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும்போது ஒரு கியர் இறக்கத்தான் வேண்டும். இ.போ.ச. பஸ்ஸை முந்த முன்னால் நல்ல வெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இதை நீங்கள் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் வலுவை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள்? நெடுஞ்சாலைகளில் வேகமாகப் போகக்கூடியது அதிவேகப் பாதையில் மட்டும்தான், அங்கே மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். மற்ற றோட்டுகளில் ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்டம். ஹிமாலயனின் முழு இழுவிசையும் 4,500 சுற்றுக்குள்ளேயே வந்துவிடுவதால், 60க்கும் 70க்கும் இடையில் அது அலட்டிக்கொள்ளாமல் ஓடும். புத்தளம் றோட்டில் ஒரு பைக்கிடம் நமக்கு வேண்டியது அதுதான்.

நல்லூர் கொடியேறுகிற காலம் சோளகக் காற்றின் காலம். ஆனையிறவு தாண்டும்போது ஒரு பக்கத்துக் கடல்நீரேரியிலிருந்து அடிக்கும் காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். உயரமான, பாரம் குறைந்த, பின்சீற்றில் ஆள் இருக்கிற டிஆரில் அந்த நேரம் ஹான்டிலை இறுக்கிப் பிடித்தே கை ஓய்ந்துவிடும். ஹிமாலயன் தாழ்வாக இருப்பதால் அந்தத் தள்ளல் அவ்வளவு தெரியாது. முன்னால் சின்னக் கண்ணாடி ஒன்றும் இருக்கிறது, நெஞ்சில் அடிக்கும் காற்றை அது உடைத்துவிடும்.

உங்கள் மனைவி இருக்கப்போகிற சீற்றைப் பற்றி யூடியூபில் யாரும் பேசமாட்டார்கள். டிஆரின் சீற் ஒடுக்கமானது, பலகை மாதிரி. மண்ணில் எழுந்து நின்று ஓடுகிறவனுக்காக வெட்டியது. அதில் பின்னால் இருக்கிறவருக்குக் கால் வைக்க இடமுண்டு, அவ்வளவுதான். பெரிய ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வும் பாதத்தால் ஏறி வரும். சுமார் 400 கிலோமீற்றர் அப்படி இருந்து போய்ச் சேர்ந்தவர் அடுத்த வருடம் ரயிலில் வருகிறேன் என்றால் அவர் மேல் பிழையில்லை. ஹிமாலயனில் பின்சீற் அகலம், பின்னால் ராக் இருக்கிறது, அதில் பை கட்டலாம். பெற்றோலும் ஹிமாலயனில் 15 லீற்றர் கொள்ளும், டிஆரில் 13. ஹிமாலயன் லீற்றருக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஓடக்கூடியது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இந்தக் கணக்கைச் சும்மா தள்ளமாட்டோம்.

இன்னொன்று. இரண்டிலும் கம்பிச் சில்லு, உள்ளே டியூப். ஏ9இல் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் பின்சில்லுக்குக் காற்றுப் போனால், நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தக்கூடிய பைக்கா என்பது பெரிய விஷயம். ஹிமாலயனில் நடு ஸ்டாண்ட் இருக்கிறது. டிஆரில் இல்லை, கல்லோ கட்டையோ தேட வேண்டும்.

வழியில் தங்கியோ நேரத்தோடு புறப்பட்டோ எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள், புத்தளம்–அநுராதபுரம் றோட்டை இருட்டில் ஓடாதீர்கள். யானை குறுக்கே வரும். எந்தப் பைக்காக இருந்தாலும் இது ஒன்றுதான்.

இனி மீமுரே. ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை தாண்டி, கோர்பெட்ஸ் காப்பிலிருந்து இறங்கும் வளைவுகள் குறுகல், செங்குத்து. கல் கிளம்பிய இடங்களும் உண்டு. நல்ல வெயில் நாளில், அவசரப்படாமல், முதலாம் இரண்டாம் கியரிலேயே ஹிமாலயனை இறக்கலாம். ஊர்க்காரர்கள் சின்னப் பைக்குகளில் போய்வருகிற வழிதான் அது. மழை பெய்தால் கதை வேறு. அப்போது 199 கிலோவும் சரி, 166 கிலோவும் சரி, உங்கள் உயரத்துக்கும் பழக்கத்துக்கும் கூடத்தான். அங்கே வேண்டியது 130 கிலோ அளவிலான 250 சிசி ட்ரெயில் பைக்.

இதைச் சொல்கிறவன் சுசுக்கி ஜெபல் 250 என்ற ட்ரெயில் பைக் ஓடுகிறவன். 17 லீற்றர் டாங்கியும் தட்டு மாதிரிப் பெரிய முன்விளக்குமாக, வடமராட்சி கிழக்கின் மணலில் அதை இறக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை வேறெதுவும் தருவதில்லை. முன்சில்லு மணலில் மிதக்கிற மாதிரி அலைய, ஹான்டிலைத் தளரப் பிடித்து, உடம்பைப் பின்னுக்கு எடுத்து, கேஸைக் குறைக்காமல் போக வேண்டும். அந்த விளையாட்டு உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அதற்காக அன்றாடம் வேலைக்குப் போகிற பைக்கைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஹாவை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்தான் கூட எடுப்பார்கள், நமக்கும் தருவார்கள். மீமுரே போகிற இரண்டு நாளைக்கு அதை எடுங்கள். நண்பர்களோடு ஆசைதீர மண்ணில் புரளுங்கள். திங்கட்கிழமை ஹிமாலயனில் வேலைக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: தனியாகப் பைக்கைத் தூக்குவது. உங்கள் 150ஐ ஒரு புல்தரையில் மெதுவாகச் சாய்த்து வைத்தே பழகலாம். விழுந்ததும் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் இடது பக்க ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். உருளாமல் இருக்க முதலாம் கியரில் போடுங்கள். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டி, சீற்றின் ஓரத்தில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்துக் குந்துங்கள். ஒரு கையால் ஹான்டில், மறு கையால் பின் ராக். இடுப்பை வளைத்து இழுக்காமல், முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, காலால் உந்திப் பின்னுக்குச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். இதைப் பழகாமல் காட்டுப் பாதைக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

டிஆர்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், ஒரு விஷயத்தையாவது கேட்டுப் பாருங்கள். அந்த எஞ்சினுக்குள் கிளச் பக்கம், கியர் நியூட்ரலில் இருப்பதைக் காட்டும் சுவிட்சைப் பிடிக்கிற இரண்டு சின்னத் திருகாணிகள் காலப்போக்கில் தளர்ந்து உள்ளே விழக்கூடியவை. விழுந்தால் எஞ்சினே போய்விடலாம். உலகம் முழுக்க டிஆர்காரர்கள் அதைக் கழற்றிக் கம்பியால் கட்டியோ பசை போட்டோ திரும்பப் பூட்டுகிறார்கள். அது செய்த பைக்கா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழிக்கிறவர் பைக்கைப் பராமரித்த விதம் உங்களுக்கே விளங்கும்.

ஹிமாலயனில் கார்புரேட்டர் வைத்த ஆரம்ப மாடலை விடுங்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷனும், பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளதாகப் பாருங்கள். கொழும்பு மழைக்கு ஏபிஎஸ் பெரிய துணை, டிஆரில் அது கிடையாது. ரயரைப் பற்றி யோசிக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அளவுதான், முன்னுக்கு 90/90-21, பின்னுக்கு 120/90-17. பஞ்சிகாவத்தையில் விசாரித்தால் கிடைக்கும். கட்டை கட்டையாகப் பெரிய பல் உள்ள மண் ரயரைப் போடாதீர்கள். காப்பெட் றோட்டில் மழை நேரம் பிரேக் அடித்தால் அது பிடிக்காது.

கடைசியாக, வண்டியின் பதிவுப் புத்தகம். பழைய ட்ரெயில் பைக்குகளில் ஒரு வண்டியின் புத்தகத்துக்கு இன்னொரு வண்டியைப் பொருத்தி விற்பது நம் ஊரில் புதிதில்லை. ஹான்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் கழுத்துக் குழாயின் வலது பக்கத்தில் சேசிஸ் நம்பர் தெரியும். துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் ராவிய அடையாளமோ புதுப் பெயின்ற்றோ இருந்தால் கவனம். எஞ்சின் நம்பரையும் அப்படியே பாருங்கள். அப்புறம் நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த இலக்கத்துக்குரிய விபரத்தை எடுத்து, விற்கிறவரின் பெயர்தான் அதில் இருக்கிறதா, லீசிங் ஏதும் பாக்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். விற்கிறவர் அதற்கு அவகாசம் தராமல் அவசரப்படுத்தினால் முற்பணமும் கொடுக்காமல் வந்துவிடுங்கள். ஹிமாலயன் இன்னொன்று கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணா