வோல்டேஜும் ஆம்பியரும் தெரிந்தால் ஓம், வாட் எப்படிக் கணக்கிடுவது?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கரண்ட் பாய்வதற்குப் பொருள் தரும் தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் இதை ஒரு தடவை நிஜப் பொருளில் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

நான் வியாசர்பாடியில் வயரிங் வேலை செய்கிறேன். போன மார்கழியில் பக்கத்துப் போர்ஷன் ஆயா கூப்பிட்டார். "ராடு கெட்டுப்போச்சு போலப்பா, சாயங்காலம் ஆனா தண்ணியே சுட மாட்டேங்குது" என்றார். வாளியில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு அது. காலையில் அளந்தேன்: 230 வோல்ட், 6.5 ஆம்பியர். வகுத்தால் 35.4 ஓம், பெருக்கினால் 1495 வாட். ராடு நன்றாகவே இருக்கிறது.

சாயங்காலம் சந்து முழுக்க மோட்டாரும் கிரைண்டரும் ஓடும் நேரத்தில் திரும்ப அளந்தால் 200 வோல்ட்தான். ராடின் தடை கிட்டத்தட்ட மாறாது. 200-ஐ 35.4-ஆல் வகுத்தால் 5.65 ஆம்பியர். பெருக்கினால் 1130 வாட். வோல்டேஜ் குறைந்தது 13 சதவீதம், சூடு குறைந்ததோ 24 சதவீதம்! வோல்டேஜ் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைவதால் வரும் இரட்டை இழப்பு இது. காலையில் 10 நிமிடத்தில் சுடுகிற வாளிக்கு சாயங்காலம் 13 நிமிடம் ஆகும். ஆயாவுக்குப் புது ராடு தேவைப்படவில்லை.

ஆம்பியர் அளக்கும்போது கிளாம்ப் மீட்டரை, அதாவது ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டரை, ஒரே ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். கரண்ட் இருக்கும்போது மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொடவே கூடாது. அப்புறம், கிரைண்டர், மோட்டார் போன்றவற்றுக்கு வெறும் பெருக்கல் போதாது, பவர் ஃபேக்டரையும், அதாவது அந்தப் பெருக்குத்தொகையில் உண்மையான வாட்டாக மாறும் பங்கையும், சேர்த்துப் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 920 அல்ல, 736 வாட்தான். குண்டு பல்பிலும் கவனம் வேண்டும். எரியும்போது இருக்கும் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அணைத்து ஆறிய பல்பில் மீட்டர் காட்டும்.

ஆயா வீட்டில் எனக்குப் பயம் தந்தது வேறு. ராடை 6 ஆம்பியர் பாயிண்ட்டில் செருகியிருந்தார்கள். பிளக் தொட முடியாத சூடு, ஒரு முனை பழுப்பேறி லூஸாக ஆடியது. லூஸ் காண்டாக்ட்டில் அரை ஓம் தடை இருந்தாலே என்ன ஆகும் பாருங்கள். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கினாலும் வாட் கிடைக்கும்: 6.5 × 6.5 × 0.5, சுமார் 21 வாட். கிட்டத்தட்ட ஒரு சிறிய சால்டரிங் அயர்னை அந்தப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியது போல. பேரப்பிள்ளைகள் தூங்கும் பாய்க்கு மேலேதான் அந்த பாயிண்ட் இருந்தது.

அன்று இரவே தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்துக் கொடுத்தேன். உங்கள் வீட்டு ராடில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். 6-ஐத் தாண்டினால் சின்ன பாயிண்ட்டில் செருகாதீர்கள்.