மற்றவர்களைக் காப்பாற்றத் தன் பிள்ளையைப் பலி கொடுப்பதைக் கிறிஸ்தவம் சரி என்கிறதா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். பல பேரைக் காப்பாற்ற ஒரு தகப்பன் தன் பிள்ளையைச் சாகக் கொடுப்பது கிறிஸ்தவத்தில் நியாயமா? நியாயம் இல்லையென்றால், கடவுள் தம் மகனைக் கொடுத்ததை மட்டும் ஏன் புகழ்கிறீர்கள்?

நியாயம் இல்லை என்பதுதான் என் பதில். சிலுவையைக் காட்டி அதை நியாயப்படுத்தவும் முடியாது. நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதம் வாசிப்பதால் இந்தக் கேள்வியை விலக்கி வைக்க முடிவதில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பிரசங்கங்களில் வரும் ஒரு கதை. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது, சபா சரவாக்கில் மட்டும்தான். அதனால் வேலை முடிந்து களைப்போடு மாலை ஆராதனைக்கு வந்து உட்காருவோம். அப்போது இந்தக் கதை வரும். ஒரு ரயில்வேக்காரர் தூக்குப் பாலத்தை இயக்குகிறார். அவருடைய சின்ன மகன் பல்சக்கரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான், ரயிலோ வந்துகொண்டிருக்கிறது. பாலத்தை இறக்கினால் மகன் நசுங்குவான், இறக்காவிட்டால் ரயில் ஆற்றில் விழும். அவர் இறக்கிவிடுகிறார். பெட்டியில் இருப்பவர்கள் எதுவும் தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். "பிதாவும் இப்படித்தான் செய்தார்" என்று பிரசங்கம் முடியும்போது தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இந்தக் கதையைக் கேட்டாலே கோபம் வரும். அந்தப் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவிசேஷத்தில் இருக்கும் மகன் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் வளர்ந்த ஆள், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே எருசலேமுக்குப் போகிறார். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று தம் உயிரைப் பற்றி அவரே சொல்கிறார் (யோவான் 10:18). பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று கெஞ்சியதும் உண்மை, ஆனால் கெஞ்சியவர் ஓடிப்போகாமல் அங்கேயே நின்றார். அதோடு, 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அறிக்கையிட்டபடி பிதாவும் குமாரனும் ஒரே தன்மை உடையவர்கள். சிலுவையில் கடவுள் வேறொருவருடைய உயிரைச் செலவழிக்கவில்லை, தம்மையே கொடுத்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை எடுத்துவிட்டுக் கதையைச் சொன்னால் மிஞ்சுவது பிள்ளையைக் கொன்ற தகப்பன்தான். அப்படிக் கேள்விப்பட்டவர்கள் அருவருப்படைவது சரியே.

பிள்ளையைப் பலியிடுவதைப் பற்றிப் பழைய ஏற்பாட்டுக்குத் தெளிவான கருத்து உண்டு. மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்குப் பிள்ளைகளைக் கொடுக்கக் கூடாது என்று லேவியராகமம் தடுக்கிறது. பிள்ளைகளைத் தீயில் எரித்தவர்களைப் பற்றி, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா வழியாகக் கடவுள் சொல்கிறார். முற்றுகையில் சிக்கிய மோவாப் ராஜா தன் மூத்த மகனை மதில்மேல் பலியிட்டதும் எதிரிப் படை திரும்பிப் போனதாக 2 இராஜாக்கள் 3இல் இருக்கிறது. ஊர் பிழைத்தது, ஆனாலும் அந்தத் தகப்பனுக்கு அங்கே ஒரு பாராட்டு வார்த்தை கூடக் கிடையாது. மகன் ஈசாக்கைப் பலியிடச் சொல்லிக் கடவுள் சோதித்த ஆபிரகாமின் கதையோ "பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே" என்ற குரலில் போய் முடிகிறது. 4ஆம் நூற்றாண்டில் நாசியான்சு கிரகோரியார் என்ற ஆயர் இதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்: ஈசாக்கைக் கொடுத்தபோதே வாங்கிக்கொள்ளாத பிதா, தம் ஒரே குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்ந்திருப்பார்?

அப்படியானால் பலருக்காக ஒருவன் சாகட்டும் என்று சுவிசேஷத்தில் யார்தான் சொன்னது? பிரதான ஆசாரியன் காய்பா. ரோமர்கள் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று ஆலோசனைச் சங்கம் பயந்தபோது, ஜனங்கள் எல்லாரும் கெட்டுப்போகாதபடி ஒரு மனிதன் சாவது நமக்கு நலம் என்றான் (யோவான் 11). அவன் அறியாமல் சொன்ன தீர்க்கதரிசனம் என்று யோவான் அதை எழுதுகிறார். அதற்காகக் காய்பா நியாயவான் ஆகிவிடவில்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு, இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையின் நினைவு வராமல் இருக்காது. 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். எங்கள் தோட்டத்திலும் ஆள் கேட்டார்கள். தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெயர் எழுதினார்களாம். கல்யாணம் ஆகாதவன், தகப்பன் இல்லாதவன், கங்காணியை எதிர்த்துப் பேசினவன் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர், திரும்பி வரவில்லை. "அவன் போனதாலதான் நாம இருக்கோம்" என்று உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவரைப் பெற்ற கிழவி மட்டும் சாகும்வரை "என் புள்ளைய எழுதிக் குடுத்தாங்க" என்றே சொன்னாராம். காய்பாவின் பேச்சை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இது பழங்கதை மட்டும் இல்லை. என் அத்தையை ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர், காண்டா வாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) சுமந்து தோள் காய்த்துப்போனவர். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவும் சித்தப்பாவும் இடைநிலைப் பள்ளிக்குப் போனார்கள். பிறகு ஒரு நன்றி ஆராதனையில், பிள்ளையையே கொடுத்த ஆபிரகாமைப் போன்றவர்கள் என்று தாத்தா பாட்டியைப் புகழ்ந்தார்கள். அத்தை என்னிடம், "குடுத்தது அவங்க இல்லப்பா, எடுத்தது என்னோடது" என்றார். வறுமையில் தாத்தாவுக்கு வேறு வழி தெரியவில்லை, அவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஆபிரகாமின் பெயரை வைக்கக் கூடாது. தியாகம் என்றால் அவரவர் தம்முடையதைக் கொடுக்க வேண்டும்.

சரி, எபிரெயர் 11 ஆபிரகாமைப் புகழ்கிறதே என்று கேட்பீர்கள். புகழ்கிறது, மரித்தவனையும் கடவுள் எழுப்புவார் என்று நம்பினான் என்பதற்காக. அதே அதிகாரத்தில் யெப்தாவின் பெயரும் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வாயில் வந்த ஒரு பொருத்தனைக்காகத் தன் ஒரே மகளைக் கொடுத்தவன் அவன். இஸ்ரவேலின் பெண்கள் வருஷத்துக்கு நான்கு நாள் அவளுக்காகப் புலம்பினார்கள் என்று நியாயாதிபதிகள் 11 சொல்கிறது. நான் அந்தப் பெண்கள் பக்கம்தான் நிற்பேன்.

கடைசியாக, நிஜமாகவே ஒரு தகப்பன் அந்தப் பாலத்தில் நின்றால்? நன்மை வருவதற்காகத் தீமை செய்வோம் என்ற பேச்சைப் பவுல் ரோமர் 3:8இல் தள்ளிவிடுகிறார், கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் அதுதான். ஆனாலும் சில நொடிகளில் கைப்பிடியை இழுத்துவிட்ட மனிதரை நான் நியாயந்தீர்க்க மாட்டேன், இழுக்காமல் நின்றவரையும்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழலாம். நீ கடவுளைப் போலச் செய்தாய் என்று மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. அடுத்த பெரிய வெள்ளிக்கு இந்தக் கதை வேண்டாம், யோவான் 10ஐயே வாசித்துப் பிரசங்கியுங்கள் என்று எங்கள் போதகரிடம் கேட்டிருக்கிறேன்.