மதர்போர்டு போச்சு என்கிறார்கள், ஃபேனைப் பார்த்தார்களா?

கேள்வி: எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப். பிள்ளைகளோடு வீடியோ கால், பேங்க் கணக்கு, குடும்பப் போட்டோக்கள் எல்லாம் இதில்தான். ஏப்ரலிலிருந்து அரை மணி நேரம் ஓடினால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. வந்து பார்த்த சர்வீஸ்காரர் மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும், பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போக வேண்டும் என்கிறார். கொடுத்துவிடவா? ஏசி அறைக்கு மாற்றினால் சரியாகுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் எல்லா பாகங்களும் பொருத்தியிருக்கும் பெரிய பலகைதான் மதர்போர்டு. செத்துப்போன மதர்போர்டு பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு எழுந்து வந்து அரை மணி நேரம் வேலை செய்வது அபூர்வம். ஆறினால் ஓடுகிறது, சூடானால் அணைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை.

நாம் எல்லோரும் சிபியு என்று அழைக்கும் அந்தப் பெட்டிக்குள், நிஜமான சிபியு, அதாவது கணக்கெல்லாம் போடும் சிப், ஒரு பிஸ்கட்டை விடச் சின்னது. வேலை மும்முரத்தில் சாதாரணமாக 65 வாட் வரை மின்சாரம் தின்னும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். இங்கே அவ்வளவும் ஒரு தபால்தலை அளவு இடத்தில். அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ளத்தான் மேலே ஹீட்சிங்க் என்ற அலுமினியத் தகடுக் கட்டும் ஃபேனும் இருக்கின்றன. தள்ள முடியாமல் 100 டிகிரியை நெருங்கினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால், எரிந்துபோகாமல் இருக்க, கரண்ட்டையே துண்டித்துவிடும். உங்கள் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது போலத்தான் தெரிகிறது.

சோதனை இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனை விடாமல் தட்டுங்கள் (சிலவற்றில் எஃப்2). பயாஸ் என்ற திரை வரும். அதில் எதையும் மாற்ற வேண்டாம். சிபியு டெம்பரேச்சர் என்று ஒரு எண் இருக்கும். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து அதையே பாருங்கள். நாற்பது, ஐம்பதில் நின்றால் நல்லது. திருச்சி மே மாத வெயிலில் அறுபதைத் தொட்டாலும் கவலையில்லை. மெதுவாக ஏறி ஏறி 90-ஐத் தாண்டினால் தூசி. ஒரே நிமிடத்தில் விர்ரென்று ஏறினால் ஹீட்சிங்க் சிபியு மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பசை, தெர்மல் பேஸ்ட், காய்ந்து போயிருக்கிறது. இந்தத் திரையிலேயே அணைந்தால் இன்னும் நல்லது: விண்டோஸ், வைரஸ் என்று எவரும் கதை விட முடியாது.

எண் அதிகமாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டு மூடியின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டி பூஜை அலமாரிக்குக் கீழே, கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் இருக்கிறது. எனக்கு அதுவே பாதி பதில். ஊதுபத்திப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த தூசி சாதாரணமாகப் பறக்காது, கம்பளி மாதிரி படியும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். டார்ச் அடித்து ஃபேன் இறக்கைகளின் இடுக்கு வழியாகக் கீழே பாருங்கள், அலுமினியத் தகடுகள் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை இருக்கும். புது பெயின்ட் பிரஷ்ஷாலும் எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய புளோயராலும் வெளியே திண்ணையில் வைத்து ஊதுங்கள். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். கரண்ட் ஒயர் வந்து செருகும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும்.

அப்புறம் பல கம்ப்யூட்டர்களில் ஃபேனின் நாலு மூலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். வீடு மாற்றும்போதோ பெட்டியை நகர்த்தும்போதோ ஒரு கால் கழன்றுவிடுவது சகஜம். லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தூக்கினால் குற்றவாளி அதுதான். பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, காலை 'டக்'கென்று உட்காரவைக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. பேஸ்ட் விலை சில நூறு ரூபாய்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பயாஸில் சூடு ஏறாமலே, காலையில் ஆன் செய்த ஐந்தாவது நிமிடமே அணைகிறதா? ஃப்ரிட்ஜோ மோட்டாரோ ஓடத் தொடங்கும் நேரத்தில் அணைகிறதா? டியூப்லைட் ஒருமுறை மினுக்கும்போது அணைகிறதா? அப்படியானால் சூட்டை மறந்துவிடுங்கள், மேஜைக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். வீட்டு யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். விளக்கு மட்டும் பச்சையாக எரியும். செத்தபின், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே கம்ப்யூட்டரைக் கைவிட்டுவிடும். ஒருநாள் யுபிஎஸ் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் போட்டு ஓட்டுங்கள். அணையவில்லையா, பேட்டரி மட்டும் மாற்றுங்கள். என் அக்கா வீட்டில் இரண்டு முறை பேஸ்ட் மாற்றிவிட்டுத்தான் இது எனக்கு உறைத்தது.

இனி அந்தக் கடை. பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் மதர்போர்டிலும், அதில் செருகியிருக்கும் ராம் என்ற மெமரி அட்டையிலும் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் கணக்கும் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு பார்க்க உங்கள் பேங்க் கணக்கு அவர்களுக்குத் தேவையில்லை. மாற்றிய பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டதும் 'இன்னொரு தடவை செக் பண்ணிப் பார்க்கிறேன் மேடம்' என்று பல போர்டுகள் பிழைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். தூசியை ஊதிவிட்டு போர்டுக்குக் காசு வாங்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. இன்டர்நெட்டில் 'உங்கள் கணினி சூடாகிறது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வருவதும் அதே ரகம்தான். வெப்சைட்டால் உங்கள் சிபியு சூட்டை அளக்கவே முடியாது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் மட்டும் நியாயம் கிடைக்குமா என்றால், அதுவும் எரிச்சல்தான். ஃபேன் மட்டும் கேட்டால் தனியாக வராது, முழு செட் என்பார்கள். கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுப்பார்கள், மூன்று நாளில் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும், ஆள் வரமாட்டார்.

ஏசி கேட்டிருந்தீர்கள். அறை பத்து டிகிரி குறைந்தால் சிபியுவும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். அந்தத் தூசிக் கம்பளி அப்படியே இருக்கும்வரை அரை மணி நேரம் முக்கால் மணி நேரமாகும், அவ்வளவுதான். பெட்டியை டேபிளின் அந்த மூடிய அறையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பயாஸில் தெரிந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.