குடியை விட்டாச்சு, கணக்கு? – கேளுங்க, சொல்றேன்

பல்லடம் பக்கம் தறி ஓட்டுறவன். குடியை நிறுத்தி 14 வருசமாச்சுங்க.

குடியை விடறவங்க கூடற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துல 9-வது படிங்கறாங்களே, எல்லாரு கால்லயும் விழுகோணுங்களா?

வேண்டாங்க. 1935-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது ஏ.ஏ. அதோட 12 படியில 8-வது, யாருக்கெல்லாம் கெடுதல் பண்ணினோம்னு எழுதறது. 9-வது, நேர்ல போய்ச் சரிபண்றது. போனா அவங்களுக்கோ மத்தவங்களுக்கோ கெடுதல் வரும்னா போகக்கூடாதுன்னு அந்தப் படியிலயே இருக்குது. மனசுபாரம் எறங்கோணும்னு பழைய ரகசியத்தை ஊட்டுக்காரம்மா தலையில கொட்டறவங்க இதைப் படிங்க.

அக்கா மக தெரட்டிச் சீருக்கு நாந்தான் தாய்மாமன். அக்கா எங்கிட்டக் குடுத்து வெச்சிருந்த பணத்தைக் குடிச்சுப்போட்டு, காங்கேயத்துல ஒரு லாட்ஜுல கெடந்தேன். குடியை விட்ட மறுவருசம் அக்கா ஊட்டுக்குப் போனேன். மோர் குடுத்தாங்க, பேசலை. மாசம் ரெண்டாயிரம் கொண்டுபோய்த் திண்ணையில வெச்சேன். காலண்டருக்குப் பின்னால பென்சில்ல கோடு போட்டுட்டே வந்தாங்க. இருபத்திரண்டு கோடு.

ஏனுங், பணங் குடுத்தா அன்னிக்கு மணையில அழுத புள்ளையோட கண்ணீரு போயிருமா?

போகாதுங்க.

அப்பறம் எதுக்குக் குடுத்தீங்க?

அது அவங்க பணம்.

எங்கூட்டுக்காரருக்குத் தெரியாம சோத்துல மருந்து கலக்கலாங்களா?

கூடவே கூடாது, அம்மிணி. குடியை நிறுத்தக் குடுக்கற டைசல்பிராம் மாத்திரை உள்ள இருக்கறது தெரியாம சாராயம் குடிச்சா ரத்த அழுத்தம் எறங்கி உசுரே போகலாம். டாக்டர் சொல்லி, அவரே தெரிஞ்சு சாப்பிடோணும்.

தினமும் குடிக்கறேன். நாளைக்கே நிறுத்திரட்டுமா?

தனியா வேண்டாம். முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், அப்பறம் புத்தி தடுமாறலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க. போன்ல கேக்க 14416, அரசாங்கத்தோட மனநல உதவி எண்.

தெரியாம குடுக்க நாட்டு மருந்து?

மேல எழுதிட்டேன். தெரியாம எதுவும் குடுக்காதீங்க.

ஆறு மாசமா தொடலை. ஊட்டுக்காரி இன்னும் பாக்கெட்டைத் தடவிப் பாக்கறா. எனக்கும் சுயமரியாதை இருக்குதுல்ல?

இருக்கோணும். 1921-ல ஈரோட்டுல பெரியாரோட சம்சாரம் நாகம்மையாரும் தங்கச்சி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல்ல நின்னாங்க. பொம்பளை கேள்வி கேக்கறது நமக்கு அவமானமில்லை. ஏழு மணிக்கு வர்றேன்னு சொன்னா ஏழு மணிக்கு ஊட்ல இருங்க. தடவறதை அவங்களா நிறுத்தட்டும்.

(மறுபடி நாந்தான்) அந்தப் புள்ள மன்னிச்சிருச்சுங்களா?

கேட்டதில்லைங்க. கல்யாணத்துக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. மணவறைக்குக் கூப்பிடலை. காலையில நாலு மணிக்கே போய், கடைசிப் பந்தி வரைக்கும் எலை போட்டேன். கெளம்பறப்ப அக்கா, "சாப்புட்டியா?"ன்னாங்க.