முதலில் தராசு, அப்புறம் பிரஸ்

ஹூஸ்டன் பக்கம் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாரம் தவறாமல் ரேஞ்சுக்குப் போகிறேன். 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் வாரத்துக்கு 100 தோட்டா போகிறது. போன வருடம் .308 ரைபிள் ஒன்றும் வாங்கினேன், அதன் தோட்டா விலை கையைக் கடிக்கிறது. வீட்டிலேயே ரீலோட் செய்யலாம், அதாவது சுட்ட கூட்டை மறுபடி நிரப்பித் தோட்டா ஆக்கலாம் என்று விசாரித்தால், அதற்கான பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் ஒருவர் புரோகிரசிவ் வாங்கு என்கிறார், இன்னொருவர் சிங்கிள் ஸ்டேஜ் போதும் என்கிறார். 500, 600 டாலருக்குள் என்ன வாங்கலாம்? கராஜில் ஒரு மூலை காலியாக இருக்கிறது."

சரி, சாமான் கணக்குக்கு முன்னால் சட்டக் கணக்கு. உங்களிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருப்பதால் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. "நான் துப்பாக்கி வாங்கவில்லையே, வெறும் பிரைமர் டப்பாதானே" என்பதும் எடுபடாது. அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் காலிக் கூடு, அதன் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமர், வெடிமருந்து, பறக்கும் குண்டு எல்லாமே தனித்தனியாக அடக்கம். மற்றபடி சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. நாலு பெட்டி செய்து விற்கும் தொழிலாக இறங்கினால் லைசென்ஸ் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் இருக்கலாம், அதை உங்கள் ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துப் போகாதீர்கள், இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டு துப்பாக்கிக்கும் சேர்த்து ஒரே தீர்வு தேடுகிறீர்கள், அங்கேதான் சிக்கல். 9 மி.மீ. தோட்டா கடையிலேயே மலிவு. அதை வீட்டில் செய்தால் ஒரு தோட்டாவுக்குச் சில சென்ட்தான் மிஞ்சும், உங்கள் நேரத்துக்கு விலை போட்டால் அதுவும் மிஞ்சாது. .308 கதை வேறு. பெட்டித் தோட்டா விலையில் கணிசமான பங்கு அந்தப் பித்தளைக் கூட்டுக்குத்தான், அதைத்தான் ரேஞ்சில் தரையில் சிதறவிட்டு வருகிறீர்கள். அதுபோக உங்கள் ரைபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்துச் செய்யும்போது இலக்கில் விழும் துளைகள் நெருங்கி வருவதைக் கண்ணால் பார்ப்பீர்கள், கடைத் தோட்டாவில் அது வாய்த்தால் அதிர்ஷ்டம். அதனால் என் யோசனை, .308-ஐ மட்டும் வைத்துத் தொடங்குங்கள். முதல் ஆறு மாதம் 9 மி.மீ. பக்கமே போக வேண்டாம்.

அப்படி முடிவெடுத்தால் பிரஸ் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும். சிங்கிள் ஸ்டேஜ். பிரஸ் என்பது ஒரு நெம்புகோல்தான், அதற்குமேல் மர்மம் ஒன்றுமில்லை. கீழே கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், மேலே மரையில் திருகி வைக்கும் டை என்ற அச்சு, கைப்பிடியை இழுத்தால் கூடு டைக்குள் ஏறி இறங்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. 50 கூட்டுக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டு டையை மாற்றி அடுத்த வேலை. ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங், ஹார்னடி, எதை வாங்கினாலும் ஆயுளுக்கும் வரும், இதில் லீ விலை குறைவு. பழைய ராக் சக்கர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், வார்ப்பிரும்பு, தேய்வதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. டைக்கான மரை அளவு 7/8-14 என்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் பொது, ஆகவே ஒரு கம்பெனி பிரஸ், இன்னொரு கம்பெனி டை என்று கலந்து வாங்கலாம். மேசை மட்டும் ஆடக் கூடாது. .308 கூட்டை அளவுக்குக் கொண்டுவரும்போது கைப்பிடியில் கணிசமான பலம் போகும், மடக்கு மேசையில் மாட்டினால் மேசையே கூட வரும். இரண்டு பலகையைச் சேர்த்து, சுவரின் மரச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

புரோகிரசிவ் வாங்கச் சொன்ன நண்பர் தப்பாகச் சொல்லவில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். டில்லன் 550 மாதிரி இயந்திரத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழும். பிரைமர், மருந்து, குண்டு என்று நாலு இடத்தில் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். எது எங்கே தவறினால் கைப்பிடியில் எப்படித் தெரியும் என்ற பழக்கம் கைக்கு வரும் முன்பு அதில் உட்கார்ந்தால், ஒரு தவறு நடந்தது தெரிவதற்குள் அடுத்த பத்துத் தோட்டா தட்டில் விழுந்திருக்கும்.

இப்போது தராசு. காசை எங்கே தாராளமாக இறக்கலாம் என்று கேட்டால் இங்கே என்பேன். மருந்தை அளப்பது கிரெய்ன் கணக்கில், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம், பழைய பத்தர் நிறுத்த குன்றிமணியில் சுமார் பாதி. நாம் பேசுவது அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஆன்லைனில் கிடைக்கும் பாக்கெட் தராசில் 0.01 கிராம் வரை காட்டும் என்று போட்டிருப்பார்கள், பார்க்கத் துல்லியம்போல இருக்கும், ஆனால் 0.01 கிராம் என்பதே 0.15 கிரெய்னுக்கு மேல். அது நமக்குப் போதாது.

நான் ஆரம்பத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து முப்பது கூடு நிரப்பிய பிறகு காலித் தட்டை வைத்துப் பார்த்தால் 0.0 இருக்க வேண்டிய இடத்தில் 0.4. தட்டி வைத்தேன், 0.3. அப்புறம்தான் தலைக்குமேல் ஏசி காற்று நேராகத் தட்டில் விழுவதைக் கவனித்தேன். முப்பதையும் கவிழ்த்துக் கொட்டி மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து என் மேசையில் இருப்பது பழைய பாணி பீம் தராசு, கரண்ட் வேண்டாம், மெதுவாக ஆடி நிற்கும், பொய் சொல்வது குறைவு. டிஜிட்டல்தான் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள், காற்றுப்படாமல் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், கூடவே சோதனை எடைக்கல் செட் ஒன்று வாங்கி, உட்காரும்போது ஒரு தடவை, பத்து பதினைந்து கூட்டுக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து டை. .308-க்கு இரண்டு டை கொண்ட செட் போதும், ஒன்று கூட்டை அளவுக்குச் சுருக்கிப் பழைய பிரைமரையும் தள்ளிவிடும், மற்றது குண்டைச் செருகும். கழுத்து ஒடுங்கிய ரைபிள் கூட்டை டைக்குள் விடும் முன் லூப், அதாவது வழுக்க வைக்கும் மசகு, தடவ வேண்டும். தடவாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: கைப்பிடி பாதியில் கெட்டியாகும், "இன்னும் கொஞ்சம்தான்" என்று அழுத்துவீர்கள், திரும்ப இழுக்கும்போது ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு இறங்கும், கூடு டைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அதன் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முடுக்கி இழுத்து வெளியே எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கழுத்துக்குக் கீழே தோள் பகுதியில் லூப் அதிகமாகத் தடவினாலும் அங்கே குழி விழும், ஆக விரல் நுனியில் மெல்லிய பூச்சு, அவ்வளவே. பின்னால் 9 மி.மீ.க்கு வாங்கும்போது கார்பைடு டை கேளுங்கள், அதில் லூப் இல்லாமலே ஓட்டலாம்.

நீளம் அளக்கும் நல்ல காலிபர் ஒன்று அவசியம். .308 கூட்டின் நீளம் அதிகபட்சம் 2.015 அங்குலம், சுட்டுச் சுட்டு, சுருக்கிச் சுருக்கி கூடு நீண்டுகொண்டே போகும், தாண்டினால் 2.005-க்கு வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் கூட்டின் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் அபாயமான அளவுக்கு ஏறிவிடும். முழுத் தோட்டாவின் நீளம் 2.810-க்குள். இதற்கு ஒரு டிரிம்மரும் பிசிறு சீவும் கருவியும் வேண்டும், இரண்டும் சாதாரணமானதே போதும். காசே செலவாகாத ஒரு கருவியும் உண்டு: பேப்பர் கிளிப். அதை நிமிர்த்தி நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரை வருடிக்கொண்டே இழுங்கள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த வெடிக்கு இரண்டு துண்டாகலாம். கொறடால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள், வெறுமனே போட்டால் மனசு மாறி எடுத்துவிடுவோம். ரேஞ்சில் பொறுக்கிய கூடு என்றால் உள்ளே டார்ச் அடித்து அடியில் ஒரு துளைதான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் அது பெர்டன் வகை, உங்கள் டையின் ஊசியை ஒடித்துவிடும்.

மருந்து போடும் மெஷர் நல்ல வசதி, ஆனால் அது அளப்பது கன அளவை, எடையை அல்ல. .308-க்கு நீங்கள் செய்யப்போகும் எண்ணிக்கைக்கு, வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாக விழவைத்து, மீதியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தராசில் சேர்ப்பதே போதும். எத்தனை கிரெய்ன் என்று என்னிடம் கேட்காதீர்கள், யூடியூபிலும் கேட்காதீர்கள். லைமன், ஹார்னடி, சியரா மாதிரி ஒரு கையேடு வாங்குங்கள், மருந்துக் கம்பெனி வெளியிட்டிருக்கும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அதில் ஆரம்ப அளவு என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள். பெயரை முழுசாகப் படிக்க வேண்டும், எச் 4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு, எண் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாகிவிடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. வேலை முடிந்ததும் மெஷரில் மிஞ்சியதை அதே டப்பாவில் திரும்பக் கொட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து வந்து "இது எந்த மருந்து" என்று யோசிக்கும் நிலை வந்தால் அதற்கு ஒரே விடை, கொட்டிவிடுவது.

நிரப்பிய 50 கூட்டையும் மரக்கட்டையில் நிற்க வைத்து, குண்டு வைக்கும் முன், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 9 மி.மீ.யில் வேகமாக எரியும் மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாமல் கிடக்கும், இரண்டு தடவை விழுந்தாலும் கூடு அதை வாங்கிக்கொள்ளும். துப்பாக்கி தாங்காது. எதுவுமே விழாமல் போனால் அது வேறு வம்பு: பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழாய்க்குள் பாதியில் நின்றுவிடும். ரேஞ்சில் சத்தம் "டப்" என்று சன்னமாக வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள், இறக்கி வைத்துக் குழாயைப் பாருங்கள்.

உங்கள் கராஜ் பற்றி. ஹூஸ்டன் வெயிலில் கராஜ் அடுப்பு மாதிரி காயும், கூடவே ஈரம். வேலையை அங்கே செய்யுங்கள், மருந்தையும் பிரைமரையும் வீட்டுக்குள் குளிர்ச்சியான, பூட்டிய அலமாரியில் வையுங்கள், இரண்டும் அதனதன் கம்பெனி டப்பாவிலேயே. பிரைமரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீட்டுக்குள் வைத்த வெடி, வேறொன்றுமில்லை. அங்கே பலரும் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 495 தீ விதிப்படி வீட்டில் சாதாரணமாக 20 பவுண்டு மருந்து, 10,000 பிரைமர் வரைதான். நீங்கள் அந்த எண்ணிக்கைப் பக்கம் போகவே மாட்டீர்கள்.

சுட்ட பிரைமரில் ஈயம் இருக்கும். கூட்டைச் சோளக் கதிர்ச் சக்கைத் தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் என்ற இயந்திரத்தில் எழும் தூசியில் அதுதான் பறக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் தண்ணீரில் உருட்டும் வகையே நல்லது, இல்லாவிட்டால் டம்ளரை வெளியே வைத்து ஓட்டுங்கள். மேசையில் காபி, முறுக்கு எதுவும் கூடாது, எழுந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கண்ணாடி போடாமல் பிரைமர் அழுத்த வேண்டாம்.

600 டாலருக்குள் பிரஸ், பீம் தராசு, எடைக்கல், .308 டை, காலிபர், டிரிம்மர், கையால் பிரைமர் அழுத்தும் கருவி, கையேடு எல்லாம் அடங்கும், லீ பிரஸ் எடுத்தால் டம்ளருக்கும் மீதம் இருக்கும். மருந்தையும் பிரைமரையும் பக்கத்துக் கடையில் வாங்குங்கள், ஆன்லைனில் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாக ஒன்று ஏற்றுவார்கள், சின்ன ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது. முதல் தடவை பத்தே பத்துத் தோட்டா செய்து ரேஞ்சுக்கு எடுத்துப் போங்கள். 9 மி.மீ. கூடுகளை மட்டும் இப்போதிருந்தே பொறுக்கி ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள். டில்லன் வாங்கும் நாள் வந்தால் அப்போது தேவைப்படும்.