தம்பியின் தொழிலுக்கு ஒரு சான்றிதழ்

மதிப்புக்குரிய ஐயா,

வன்னி இளைஞர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பல்கலைக்கழகம் செல்ல முடியாதவர்களுக்குத் தொழிற்கல்வியே வழி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு வருத்தம் தந்தது. என் தம்பி சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, பதினொரு வருடங்களாகப் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் உழவு இயந்திரங்கள் திருத்துகிறான். ஊரில் அவனைத் தேடி வருகிறார்கள். ஆனால் வெளியே ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிற்கல்வி என்பது தோற்றவர்களுக்கு ஒதுக்கிய இடம்தானா? அவனைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தை முதலில் வைத்து, மிஞ்சியவர்களுக்கு மற்றது என்று சொல்வதே நம் வீடுகளில் பிள்ளைகளைக் குறுக வைக்கும் பேச்சு. அதையே நானும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின் திறமை எங்கிருந்து வந்தது என்பதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் மின்கலமும் வராதபோது, சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் இந்த மண்ணின் கராஜ்களும் முற்றங்களும் கற்றுக்கொண்ட பாடங்கள். அந்தத் தலைமுறையிடம் தொழில் பழகியவர்கள்தான் இன்று நம் வயல்களின் இயந்திரங்களை ஓடவைக்கிறார்கள்.

ஆயினும் பழகிய தொழிலுக்குப் படிப்பும் சேர வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், தருமபுரத்தில் ஒருநாள் நான் கண்ட காட்சி. டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்து நின்றுபோன லான்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றின் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் திருத்துநர் சற்றுத் தளர்த்தி, இயந்திரத்தைச் சுற்றினார், நுரைத்து வந்த டீசல் குமிழியில்லாமல் வழியத் தொடங்கியதும் நட்டை இறுக்கினார், இயந்திரம் ஓடியது. பக்கத்தில் நின்ற பையன், “எயர் எப்பிடி அண்ணை உள்ள போகுது?” என்று கேட்டான். “அது போயிடும் தம்பி” என்றார் அவர். டீசல் தாங்கி வறண்டதாலா, வடிகட்டியின் வாசர் தேய்ந்ததாலா, எங்கோ ஓர் இணைப்பு நெகிழ்ந்ததாலா என்று பிரித்தறியும் பயிற்சி அந்தப் பையனுக்குக் கிடைத்தால், அதே வண்டி அடுத்த கிழமையும் அங்கே வந்து நிற்காது. காலபோக அறுவடையில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது இயந்திரம் வயலில் நின்றுவிட்டால், திருத்துபவர் வரும்வரை கொட்டுவது விவசாயியின் நெல். பொருளாதார முன்னேற்றத்தில் தொழிற்கல்வியின் பங்கு என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது அந்த நெல்லைத்தான்.

உங்கள் தம்பி மீண்டும் வகுப்பில் மூன்று வருடம் உட்கார வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நடைமுறைப்படுத்தும் தேசிய தொழில் தகைமைக்கு 7 மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்கு நிகர். அனுபவத்தால் கற்றவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு இருக்கிறது: மதிப்பீட்டாளர்கள் முன் வேலையைச் செய்து காட்டி, தகுதியை நிறுவி, சான்றிதழ் பெறலாம். தோற்றவர்களுக்கான இடமாக இருந்தால் அந்த ஏணி பட்டம்வரை போயிருக்காது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டதால், மேற்கொண்டு படிக்க நினைப்பவர்கள் இன்று எல்லாவற்றுக்கும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது. போரில் கணவரை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்களுக்குப் பயிற்சி என்றதும் தையலும் அழகுக்கலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. நீரிறைக்கும் பம்பியைத் திருத்தவும் வீட்டு மின்னிணைப்புச் செய்யவும் அவர்களால் முடியும். அந்த வேலைக்கு ஒவ்வொரு கிராமத்திலும் ஆள் தேவை.

தம்பி விண்ணப்பிக்கப் போகும்போது, கராஜ் உரிமையாளரிடம் பதினொரு வருட வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். திருத்திய இயந்திரங்களின் படங்களையும் எடுத்துச் செல்லட்டும். மதிப்பீடு தமிழில் நடக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.