தூளியும் பாயும்

அன்புள்ள அக்கா,

என் இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம். தூளி வேண்டாம், மல்லாக்கவே படுக்க வையுங்கள் என்கிறார் டாக்டர். மாமியாரோ, "என் பிள்ளைகள் நாலு பேரும் தூளியில்தானே வளர்ந்தார்கள்" என்கிறார். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணையும் தைத்து வைத்திருக்கிறார். மல்லாக்கப் படுத்தால் கக்குகிற பால் புரையேறாதா? மூத்தவனுக்கு ஆறு வயது. யார் பேச்சைக் கேட்பது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கத்தைப் பொறுத்தவரை டாக்டர் பேச்சைக் கேளுங்கள். மாமியார் சொல்வதும் பொய்யில்லை, நானும் தூளியில் வளர்ந்தவள்தான். என் மகளையும் அதில்தான் போட்டேன். ஒரு மதியம் கொர் கொர் என்று சத்தம் கேட்டுப் புடவையை விலக்கிப் பார்த்தேன். உடம்பு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. தூக்கி நிமிர்த்தியதும் மூச்சு சீரானது. அன்றைய பதற்றம் இன்னும் எனக்குப் போகவில்லை.

பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. தலை முன்னால் சரிந்தால் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும், அழக்கூட முடியாது. கடுகுத் தலையணையும் அதனால்தான் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

புரையேறும் பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு. ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால்தான் இது தலைகீழாகும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் குப்புறப் போடுவதுதான் வழக்கம். 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரம் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இந்த ஆபத்து அதிகம் இருப்பது இரண்டு முதல் நான்கு மாதம் வரை. உங்கள் குழந்தை இப்போது அந்த வயதில் இருக்கிறது.

மாமியாரிடம் பாய் கேளுங்கள், சந்தோஷமாக விரித்துக் கொடுப்பார். தரையில் பாய், மேலே இறுக்கமாக மடித்த பருத்தித் துணி, கொசுவலை. இவ்வளவு போதும். அணைப்புத் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையில் இருக்கட்டும். அப்புறம், ராத்திரி சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்காதீர்கள். கண் அசந்தால் மெத்தையைவிட அதுதான் மோசம். அந்த அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

அழும்போது தூளியில் ஆட்டுவேன் என்று மாமியார் கேட்டால், பக்கத்திலேயே இருந்து ஆட்டட்டும். கண் மூடியதும் பாய்க்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் மூத்தவன். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவனை நினைத்துத்தான் அதிகக் கவலை. காலியாகத் தொங்கும் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடும்போது புடவை முறுக்கிக் கழுத்தை இறுக்கிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் அந்தப் புடவை கொக்கியில் தொங்கவே கூடாது. கழற்றி மடித்து, அவன் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு செய்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா